ஏழாம் எண் கிணற்றைத் திறந்து பாருங்கள்!

தலைமை ஏற்றிருக்கும் மீனவர் கூட்டுறவின் தலைவி நோர்மா ஸாவுலி அவர்களே! அலையோடு மல்லுக்கட்டி, ஆழத்தோடு உறவாடி, இத்தாலியின் அடுப்புகளுக்கு எரிவாயு எடுத்துத் தந்த மூத்த தோழர்களே! கடலுக்குள் நிற்கும் எரிவாயு மேடைகளின் கால்களில் மூழ்கிச் சிப்பி பறிக்கும் சகோதரிகளே! பின்வரிசையில் பொறுமையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! முப்பத்தொரு ஆண்டுகள் கடலடி எரிவாயுக் கிணறுகளைச் சிமெண்ட் ஊற்றி அடைத்த நேரியோ கசாதேய் உங்களை வணங்குகிறேன்.

பின்னால் கேட்கிறதா? "கேக்குது, சுருக்கமா முடி!" என்கிறார்கள். முடிக்கத்தானே வந்திருக்கிறேன்!

நாம் எரிவாயுவை உறிஞ்சி எடுத்த பிறகு, ராவென்னா கடலுக்கடியில் பாறை வெறுமையாய்க் கிடக்கிறது. ஆலைப் புகையின் கரியமில வாயுவை அதே பாறைக்குள் அழுத்திப் புதைக்கப் போகிறார்கள். வேண்டாம் என்பேனா? மாட்டேன்! வானத்தைக் கெடுத்தவர்கள் நாம். மண்ணுக்குள் அடைக்க வேண்டியவர்களும் நாம். ஆனால் பழைய கிணறுகளின் அடைப்பு அடைப்பாக இருக்க வேண்டாமா?

போன வாரம் அந்தத் திட்டத்தின் ஆய்வாளர் ஒருவர் வந்தார். சிப்பி பறிக்கும் மார்ட்ஸியா கேட்டாள்: "ஏங்க, வாயு கசிஞ்சா தண்ணி புளிச்சுப் போகும், சிப்பி ஓடே மெலிஞ்சிரும்னு சொல்றாங்களே. எங்க பொழப்பு என்னாகும்?"

அவர் ஒரு தாளை நீட்டினார். "பழைய கிணறெல்லாம் சோதிச்சு மூடினதும்மா. பாருங்க, கையெழுத்தே இருக்கு."

இருந்தது. ஏழாம் எண் கிணறு. கையெழுத்து என்னுடையது!

அந்தக் கிணற்றை மூடிய நாள் ஆகஸ்ட் பதினான்கு. மறுநாள் ஊரே கடற்கரையில் கூடும் மாதா திருநாள். ஊற்றிய சிமெண்டை ஒரு நாள் இறுகவிட வேண்டும். பிறகு அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். கரைக்குப் போகும் படகோ புகைந்துகொண்டு நிற்கிறது. மேஸ்திரி செகோந்தோ கத்தினார்: "டேய் நேரியோ, சிமெண்டு என்ன ஒன் மாமியாரா, சொல்லிக்கிட்டுப் போக? கையெழுத்தப் போட்டுட்டு ஏறுடா!"

போட்டேன். ஏறினேன். மறுநாள் ஊரோடு மணலில் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றேன். சிரிக்காதீர்கள், தாய்மார்களே. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த அடைப்பு உறுதியாகவே இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் குற்றம்! ஆய்வாளரிடம் சொன்னேன். "பெரியவரே, தாள்ல எல்லாம் சரியா இருக்கே" என்றார். அந்தத் தாளே நான்தானய்யா!

ஆகவே கேட்கிறேன். ஏழாம் கிணற்றைத் திறக்காமல் ஒரு மூச்சு வாயு உள்ளே போகலாமா? சோதிக்காமல் போகலாமா? மார்ட்ஸியாவின் பிழைப்பை ஒரு பொய்க் கையெழுத்தை நம்பி விடலாமா? கூடாது என்கிறீர்கள். கூடாது, கூடாது, கூடவே கூடாது! திறந்து சோதிக்கும்வரை நம் துறைமுகத்திலிருந்து ஒரு குழாயும் கடலுக்குள் இறங்காது. வழக்கு வரட்டும். முதல் குற்றவாளியாக நானே போய் நிற்கிறேன்.

யாரது எழுவது? என்னோடு சிமெண்ட் ஊற்றிய அர்ரீகோவா? ஒலிபெருக்கியை அவரிடம் கொடுங்கள்.

"ஒம்பதாம் கெணறு, நேரியோ. அதையும் நாங்க அப்படித்தான் மூடினோம். கையெழுத்து என்னோடது."

தலைவி அவர்களே, தீர்மானத்தில் ஒன்பதையும் எழுதுங்கள். இன்னும் யாராவது இருந்தால் எழுந்திருங்கள் தோழர்களே, கூட்டம் கலைய நேரமிருக்கிறது. காது கொடுத்த அனைவருக்கும் நன்றி. எழுந்து நிற்பவர்களுக்கு என் வணக்கம்!