ராணி ஒளிந்திருந்த நிலவறை

– மாப்ளே, இப்படிக் கல்லாவுக்குப் பின்னால வா. பாட்டிலைக் கீழ வை. உன் சுற்றுலாக் கூட்டம் அஞ்சு நிமிஷம் தானா குடிக்கும், யாரும் ஓடிப்போக மாட்டாங்க.

– அத்தான், மூணாவது கிளாஸ் ஊத்தற நேரத்துல கூப்பிடறீங்களே. இப்பத்தான் "நாக்கோட நடுவுல ஈர மண் வாசனை தெரியும்"னு சொல்லி வச்சிருக்கேன். பதினாறு பேரும் கண்ணை மூடி மண்ணைத் தேடிக்கிட்டிருக்காங்க.

– தேடட்டும். அந்த ஒயினை நான் மொத்தக் கடையில அட்டைப்பெட்டியோட வாங்கினேன். ஈர அட்டை வாசனை வேணா வரும். நீ முதல்ல இதைப் படிச்சுத் தொலை. காலையில தொல்லியல் பாதுகாப்பு அலுவலகத்துல இருந்து வந்த நோட்டீஸ்.

– "இக்கடையின் கீழுள்ள நிலவறை நானூறு ஆண்டுகள் தொன்மையானது என்பதாலும், முற்றுகைக் காலத்தில் ராணியார் ஏழு நாட்கள் மறைந்திருந்த இடம் என்பதாலும்..." அடடா. அத்தான், நம்ம கடைக்கு இவ்வளவு பெரிய மரியாதையா? அக்கா பார்த்தாங்களா?

– பார்த்தா. பார்த்துட்டு எனக்குப் போட்ட காபியைப் பாத்திரம் கழுவற தொட்டியில ஊத்தினா. கடைசி வரியைப் படி.

– "எனவே இதில் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது."

– இப்ப இதைப் படி. இது போன வாரம் சுகாதார அலுவலகத்துல இருந்து வந்தது.

– "மது பரிமாறும் இடத்தில் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தக்கூடிய கழிவறை இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் அமைக்காவிட்டால் கடை மூடி முத்திரையிடப்படும்." ஓகோ.

– என்ன ஓகோ? வாரத்துல நாலு நாள் நீதான் பதினாறு பதினாறு பேரா கூட்டிக்கிட்டு வர்றே. ரொட்டிக் கடையில ஒரு கிளாஸ், பாலாடைக்கட்டிக் கடையில ஒரு கிளாஸ், இங்க ஒண்ணு. அதுக்கப்புறம் அவங்க மனசு வரலாத்துலயா இருக்கும்? போன வாரம் உன் தொப்பிக்காரர் ஒருத்தர் எதிர்ப் பூக்கடையில பூந்தொட்டிக்குப் பின்னால நின்னுட்டார். பூக்கடைக்காரி யார் மேல புகார் கொடுத்தா? உன் மேலயா?

– உங்க மேல.

– இன்னிக்கு செவ்வாய்க்கிழமை. கடை அகலம் எட்டடி. ஒரு பக்கம் கல்லா, ஒரு பக்கம் அலமாரி, நடுவுல உன் கூட்டம். டாய்லெட்டை என் தலை மேலயா கட்டறது? மேல எங்க வீட்டுல இருக்கறது செல்லாதாம், கடைக்குள்ளயே வேணுமாம். கீழ இருக்கிற குழி ஒண்ணுதான் இடம். நாளைக்குக் காலையில பிளம்பர் பைப்போட வர்றார். சரி, நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லு. அந்தக் குழியைத் தோண்டினது யாரு?

– உங்க அப்பா.

– எப்போ?

– முப்பத்திநாலு வருஷத்துக்கு முன்னால.

– எதுக்கு?

– உருளைக்கிழங்கு மூட்டை அடுக்க.

– அப்ப ராணி எங்க இருந்து வந்தா?

– மழையில இருந்து வந்தா அத்தான். பதினோரு வருஷம் ஆச்சு. அன்னிக்கு விடாம மழை. கூட்டம் மொத்தமும் பணத்தைத் திருப்பிக் கொடு, பஸ்ஸுக்குப் போறோம்னு முறைக்குது. ஒதுங்க வேற இடமில்லாம குழியில இறக்கினேன். சும்மா நிக்க முடியுமா? ராணியை இறக்கிட்டேன்.

– ஏழு நாளைக்கா?

– அன்னிக்கு ஒரு ராத்திரிதான் இருந்தா. கேட்ட ஒரு அம்மா கண்ணைத் துடைச்சதும் அடுத்த வாரம் மூணு நாளாக்கினேன். அப்புறம் கூட்டம் கூடக் கூட அதுவும் கூடிப்போச்சு.

– சுவத்துல இருக்கிற கரி?

– எதிரிங்க வச்ச தீ.

– அது என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் ஸ்டவ் வெடிச்ச கரி. இதோ பார் மாப்ளே. அந்தப் பாதுகாப்பு அலுவலகத்து அம்மா இன்னிக்கு உன் கூட்டத்தோடயே வந்திருக்காங்க. டேப்பை வச்சு என் கதவை அளந்துக்கிட்டு நிக்கறாங்களே, அவங்கதான். அவங்ககிட்ட நடந்ததைச் சொல்லு.

– சொன்னா என் கழுத்துல தொங்கற இந்த வழிகாட்டி அட்டையைப் பிடுங்கிடுவாங்க அத்தான். எனக்கு வேற என்ன தெரியும்? படிச்ச படிப்புக்கு இந்தத் தெருவைக் கூட்டக்கூட வேலை தர மாட்டாங்க.

– சொல்லலைன்னா வெள்ளிக்கிழமை கடை போயிடும். கடைக்கு மேலதான் வீடு, வாடகை கொடுக்க முடியாது, அதுவும் போயிடும். அப்புறம் நானும் உங்க அக்காவும் உன்னோட ஒத்தை ரூமுக்குத்தான் வரணும். உங்க அக்கா உன் கட்டில்ல, நான் தரையில. நீ எங்க படுக்கறதுன்னு இப்பவே யோசிச்சுக்கோ.

– சொல்லிடறேன் அத்தான்.

– ரெண்டு பேரும் இங்கயா இருக்கீங்க? கடைக்காரரே, நிலவறைக்கு விளக்குப் போடுங்க, இறங்கிப் பார்த்துடலாம். வழிகாட்டி சார், நீங்க முன்னால போங்க. ஒண்ணு, ரெண்டு... மொத்தம் ஒன்பது படி. குறிச்சுக்கிறேன்.

– ஆறாவது படி ஆடும் மேடம், பார்த்து.

– நானூறு வருஷத்துப் படி. ஆடத்தானே செய்யும்.

– போன மாசம் ஃப்ரிட்ஜ் இறக்கும்போது உடைஞ்சது மேடம். மாப்ளே, ஆரம்பி.

– அதாவது மேடம், உங்ககிட்ட ஒரு விஷயம் மறைக்காம சொல்லணும்.

– முதல்ல இந்தக் கிளாஸை வாங்கிக்கோங்க, அளக்க ஒரு கை பத்தலை. ஒயின் ரொம்ப நல்லா இருக்கு, நீங்க சொன்ன ஈர மண் எனக்கு உடனே கிடைச்சது. பக்கத்துல நின்ன கண்ணாடிக்காரருக்குக் கிடைக்கவே இல்லையாம், அவர் மனைவி அவரைத் திட்டிக்கிட்டிருக்காங்க. ம், சொல்லுங்க.

– ராணி இங்க வரவே இல்லை மேடம்.

– ஏழு நாள் இருந்தாங்களே.

– ஏழு நிமிஷம்கூட இல்லை. அப்படி ஒரு ராணியே கிடையாது. நானா கட்டிவிட்ட கதை.

– வழிகாட்டி சார், உங்க அடக்கம் எனக்குப் புரியுது. ஆனா எங்க துறை வாய்ப்பேச்சை நம்பறதில்லை. தெரு முனையில நாங்க வச்ச பலகையில ராணி, முற்றுகை, ஏழு நாள், எல்லாம் பொறிச்சிருக்கு.

– பலகைக்கு அது எங்க இருந்து கிடைச்சது மேடம்?

– நாலாம் வகுப்புப் பாடப் புத்தகத்துல இருந்து.

– புத்தகத்துக்கு?

– நகராட்சி ஆண்டு மலர்ல இருந்து.

– மலர்ல எழுதினவர் என் சுற்றுலாவுக்கு வந்தவர் மேடம். ரெண்டு கிளாஸ் கூடுதலா வாங்கிக்கிட்டு நான் பேசறதை எழுதிக்கிட்டே வந்தார்.

– பார்த்தீங்களா? பலகை, புத்தகம், மலர், நீங்க. நாலு ஆதாரமும் ஒரு வார்த்தை மாறாம ஒத்துப்போகுது. எங்க வேலையில இது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? குறிச்சுக்கிறேன்.

– மேடம், அவனை விடுங்க. நான் கடைக்காரன், எனக்குக் கதை கட்டத் தெரியாது. இது எங்க அப்பா வெட்டின குழி. இங்க கடைசிப் படியில பாருங்க, சிமென்ட் ஈரமா இருக்கும்போது அவரே குச்சியால பேரும் தேதியும் எழுதியிருக்கார்.

– இது பிற்காலத்துல யாரோ கிறுக்கினது.

– யாரோ இல்லை மேடம், எங்க அப்பா.

– எழுதினது அவர்தான்னு நீங்களே ஒத்துக்கறீங்க? பாதுகாக்கப்பட்ட இடத்துல பேர் கிறுக்கறது குற்றம். அவர் இப்ப எங்க இருக்கார்?

– போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆச்சு.

– சரி, அப்ப விட்டுடலாம்.

– சட்டைப்பையில போட்டோ இருக்கு மேடம். என் வீட்டுக்காரி ஆல்பத்துல இருந்து எடுத்துக் கொடுத்தா. அரைக்கால் சட்டையோட, கையில மண்வெட்டியோட, இடுப்பளவு குழியில நிக்கறது யாரு? எங்க அப்பா. பக்கத்துல கிழங்கு மூட்டை. இதுக்கு என்ன சொல்றீங்க?

– அகழாய்வு நடந்தப்ப எடுத்த படம் இருக்கா? இத்தனை வருஷமா இதை ஏன் எங்ககிட்ட கொடுக்கலை? கடைக்காரரே, உங்க அப்பா சாதாரண ஆள் இல்லை. இந்த நிலவறையைக் கண்டுபிடிச்சவரே அவர்தான்.

– கண்டுபிடிக்கலை மேடம். வெட்டினார். முன்னால இங்க வெறும் மண்ணு.

– மண்ணை அள்ளினாத்தானே உள்ள இருக்கறது தெரியும்? கூச்சப்படாதீங்க. பலகையில அவர் பேரையும் சேர்க்க எழுதிடறேன்.

– மாப்ளே, எனக்குத் தலை சுத்துது.

– உட்காருங்க அத்தான். மேடம், தயவு பண்ணுங்க. நான் பொய் சொன்னேன்னு எழுதி, என் அட்டையை வேணாலும் வாங்கிக்கோங்க. இவர் கடையை விட்டுடுங்க.

– எப்படி எழுதறது? இந்த ஊர்ல மொத்தம் இருபது பலகை வச்சிருக்கோம். ஒண்ணு பொய்னு நானே எழுதினா மீதிப் பத்தொன்பதையும் தட்டிப் பார்ப்பாங்க. அதுல சிலது தட்டினாத் தாங்காது.

– மேடம், கொஞ்சம் மேல கேளுங்க. தரையில சத்தம் கேக்குதா?

– கேக்குதே. நடனமா?

– நடனம் இல்லை மேடம். பதினாறு பேர் கால் மாத்திக் கால் மாத்தி நிக்கறாங்க. மூணு கிளாஸ் குடிச்சிருக்காங்க, இந்தத் தெருவுல அவங்க போக ஒரு இடம் கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள்ள நான் ஒரு டாய்லெட் கட்டலைன்னா கடைக்கு சீல். இருபத்திரண்டு வருஷமா நானும் என் வீட்டுக்காரியும் இந்த எட்டடி அகலத்துலதான் முட்டிக்கிட்டும் மோதிக்கிட்டும் பிழைக்கறோம். கட்ட இடம் இது ஒண்ணுதான். நீங்க ஆணிகூட அடிக்காதேங்கறீங்க. ராணி நானூறு வருஷம் முன்னால வந்தாளோ வரலையோ, நான் அடுத்த வாரம் எங்க போவேன்?

– கழிவறைக்காகவா இவ்வளவு நேரம் இந்தப் பாடு? முதல்லயே சொல்லக் கூடாதா? வழிகாட்டி சார், ராணிகூட இங்க எத்தனை பேர் இருந்தாங்க?

– அதாவது... வழக்கமா ரெண்டு தோழி, ஒரு சமையல்காரர், ஒரு பீப்பாய் ஒயின்னு சொல்லுவேன்.

– நாலு பேர். ஏழு நாள் வெளிய தலை காட்டலை. உள்ள ஒரு பீப்பாய் ஒயின் வேற இருந்ததுன்னு சொல்றீங்க. அப்ப?

– அப்ப... ஆமா மேடம். பதினோரு வருஷமா எனக்கு இது தோணவே இல்லை.

– கட்டாயம் ஒரு கழிவறை இருந்திருக்கணும். இப்ப இல்லை. புதுசா ஒண்ணைக் கட்டினா அது கட்டுமானம், கூடாது. இருந்து அழிஞ்சதைத் திரும்ப அமைச்சா அது மறுசீரமைப்பு. அதுக்கு விதியில இடம் இருக்கு. நானே இங்கயே கையெழுத்துப் போடலாம். எந்த மூலையில இருந்ததுன்னு மட்டும் தெரியணும்.

– மாப்ளே, பைப் வடக்கு மூலைக்குத்தான் வரும்.

– அதாவது மேடம், ராணியார் வடக்கு மூலைக்குத்தான் போவாங்க. அந்தச் சுவர்தான் கெட்டி, வெளிய சத்தம் கேக்காது.

– குறிச்சுக்கிறேன். கதவு?

– இடது பக்கம் திறந்தாத்தான் படியில இடிக்காதுன்னு பிளம்பர் சொன்னார், மாப்ளே.

– இடது பக்கம் மேடம். ராணியாருக்கு இடதுகைப் பழக்கம்.

– அப்படியா? இது புதுத் தகவல். பாடப் புத்தகத்தோட அடுத்த பதிப்புல சேர்க்கச் சொல்றேன். தண்ணிக்கு என்ன ஏற்பாடு இருந்தது?

– மேல ஒரு தொட்டி இருக்கணும் மாப்ளே, இழுத்தா ஊத்தணும்.

– மேல தொட்டி, பக்கத்துல ஒரு சங்கிலி. இழுத்தா தண்ணி ஊத்தும் மேடம்.

– நானூறு வருஷம் முன்னாலயேவா?

– முற்றுகை நேரம் மேடம். வெளிய போய்த் தண்ணி எடுக்க முடியாதே. இருக்கிற தண்ணியைச் சிக்கனமாச் செலவு பண்ணணும்.

– நம்ம முன்னோர்கள் என்னமா யோசிச்சிருக்காங்க. எழுதிட்டேன். இந்தாங்க, மூணு நகலா எடுத்திருக்கேன், இதுல ஒண்ணு உங்களுக்கு. உங்க பிளம்பர் நாளைக்கே ஆரம்பிக்கலாம்.

– மேடம், உங்க கையைக் கொடுங்க. என் வீட்டுக்காரி இன்னிக்குத்தான் எனக்குக் காபி தருவா. மாப்ளே, உன்னைக் காலையில இருந்து மனசுக்குள்ள என்னென்னவோ திட்டினேன், எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன்.

– பரவாயில்லை அத்தான். அக்காகிட்ட கட்டில் எனக்கேதான்னு சொல்லிடுங்க.

– வெள்ளிக்கிழமை அந்த சுகாதார அதிகாரி வரட்டும் மேடம். தானே சங்கிலியை இழுத்துப் பார்த்தாத்தான் நம்புவேன்னு சொன்னார். அவரையே முதல் ஆளா உள்ள அனுப்பறேன்.

– உள்ளயா? அவர் தாராளமா வரட்டும், முன்னால கட்டப்போற கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு எவ்வளவு நேரம் வேணாலும் பார்க்கட்டும். ராணி உட்கார்ந்த இடத்துல வேற யாரும் உட்காரக் கூடாதுன்னு கையெழுத்துக்கு மேலயே எழுதியிருக்கேனே, நீங்க படிக்கலையா?