இலத்தூர் விலக்குச் சுமைதாங்கி

— கையெழுத்தப் போட்டுராதீங்க சாமி. நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேட்டுட்டு பொறவு போடுங்க.

— பேனாவை இன்னும் திறக்கவே இல்லை பாலம்மா. சொல்லுங்கோ.

— பதினோரு மணிக்கு ஜேசிபி வந்துரும்னு சூப்பர்வைசர் நாகராஜன் சொல்லிட்டுப் போறாரு. ரோட்ட அகலமாக்குதாவளாம், இந்தச் சொமதாங்கிக் கல்லு குறுக்க நிக்குதாம். நூத்தம்பது வருசத்துக்கு மேல இந்த இலத்தூர் வெலக்குல இங்கனதான நிக்குது! ரோடுல்லா இதுக்குக் குறுக்க வந்திருக்கு!

— உடைக்க மாட்டா. டவுன் பூங்காவுல கொண்டுபோய் வைப்பா. பக்கத்துல எங்க குடும்பத்துப் பேரோட ஒரு போர்டு. அதுக்குத்தான் இந்தச் சம்மதக் கடுதாசி.

— பூங்காவுக்கு ஆரு சாமி தலச்சொமையோட வாரா? செல்பி எடுக்கத்தான் வருவாளுவ.

— இங்க மட்டும் யார் வரா? எல்லாம் புளியறைக்குப் போற லாரி.

— நான் வாரேம்லா! ரம்புட்டான் கூடை ஆட்டோவுலதான் வருது, கடை வாசல்லயே எறக்கிருவான். இருந்தாலும் அதத் தூக்கித் தலையில வச்சு, இந்தக் கல்லுல ஒருக்க எறக்கிட்டுத்தான் யாவாரத்தத் தொடங்குதேன். பாக்குதவன் எனக்குக் கிறுக்குங்கான். சொல்லிட்டுப் போறான் சவம். ‘கல்லச் சொமையில்லாம வெறுங்கல்லாப் போட்டுராதட்டி’ன்னு எங்க மாமியா சாவும்போது சொன்னாவ.

— எதுக்கு அப்படி?

— நல்லாக் கேட்டீங்க போங்க. துட்டு குடுத்தது உங்க பாட்டன். மலையடியிலேர்ந்து கல்லக் கொண்டாந்து நட்டது எங்க ஆளுக. நெல்லு மூட்டையத் தலையில வச்சு, கணவாய் ஏறி மலையாளத்துக்கு நடந்தவுக. கல்லுல இருக்கது ஆரு பேருன்னாவது தெரியுமா?

— தெரியும். குழல்வாய்மொழி. கொல்லம் ஆயிரத்து நாப்பத்தொண்ணு. எங்க தாத்தாவோட தாத்தாவுக்கு அக்கா. சொத்தையெல்லாம் தர்மத்துக்கு எழுதி வெச்ச புண்ணியவதின்னு அப்பா சொல்லுவார். எங்காத்துல எந்தக் கல்யாணம்னாலும் முதல் பத்திரிகையை இங்கதான் வைப்போம்.

— சாமி...

— என்ன?

— அவுக எழுதி வைக்கல. அவுகளுக்காவ வச்ச கல்லு இது. இருவது வயசுதானாம். வயித்துப் பிள்ளையோட போய்ச் சேந்துட்டாவ. அப்படிப் போனவளுக்குத்தான் சொமதாங்கி நடுவாவ. எறக்க முடியாத சொமையோடல்லா போறா பாவி மக. வழியில போறவன் தஞ்சொமைய இதுல எறக்கி ‘அப்பாடா’ன்னு நின்னான்னா, அவளுக்கும் கொஞ்சம் எறங்குமாம்.

— ஓ.

— உங்க வீட்டுல ஆருக்கும் தெரியலையா?

— இல்லை. பம்பாய், பெங்களூர்னு போனவாளோட அவ பேர் மட்டும்தான் கூடப் போச்சு போலருக்கு, கதை போகலை.

— இன்னொண்ணும் சொல்லணும். சொல்லலைன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிரும். சித்திரையில வளைகாப்பு முடிஞ்ச கையோட உங்க மகள இங்கன கூட்டிட்டு வந்தீங்கள்லா?

— ம்.

— உங்க வீட்டு மாமி என்னா சந்தோசமா கல்லுக்கு மஞ்சள் தடவி, மொத சோடி வளையல இதுல வச்சு எடுத்து, பிள்ள கையில போட்டுவிட்டாவ! செத்தவளுக்கு வச்ச கல்லாச்சேன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துது. நல்ல நாளும் அதுவுமா நாம என்னத்துக்கு அபசகுனமாச் சொல்லணும்னு முழுங்கிட்டேன். குத்தாலநாதருக்கு நெய்வெளக்கு நேந்துக்கிட்டேன். சொல்லாதது என் தப்புதான் சாமி.

— உங்க மேல தப்பில்லை. கல்லு என்ன பண்ணும்?

— பிள்ள நல்லாருக்காள்லா?

— சாரல் வலுக்கறது. பழத்தை மூடுங்கோ.

— நனைஞ்சா நனையட்டும். ஆனி கடேசின்னுதான மாமி சொன்னாவ? இந்நேரம் பேரனோ பேத்தியோ...

— இந்தக் கல்லுக்கு உசரம் என்ன கணக்கு பாலம்மா?

— கல்லுக்கா? நெஞ்சு உசரம். ஒத்தையில வாரவன் அடுத்தவன் கை இல்லாம எறக்கணும், ஏத்தணும்லா. நட்டமா ரெண்டு, மேல படுக்கையா ஒண்ணு. இப்பம் என்னத்துக்கு அது?

— யார் நடணும்? வீட்டு மனுஷாளா?

— வீட்டு ஆளுக துட்டு குடுத்தாப் போதும். ஊர்க்காரவுக நடுவாவ. அந்தக் காலம்லாம் போச்சு சாமி. இப்பம்தான் தெருவுக்குத் தெரு ஆசுபத்திரி இருக்கே, ஆரு அப்படிச் சாவுதா? நீங்க இந்தக் கல்லப் பூங்காவுக்கு விட்டுராதீங்க, அது போதும். பத்தடி தள்ளுனா உங்க வயலுதான. அந்த வரப்பு ஓரமா நட்டா எவன் கேப்பான்? உங்க கால்ல வேணும்னாலும் விழுதேன்.

— அதெல்லாம் வேண்டாம். இருங்கோ, போன் போடறேன்... நாகராஜனா? ஹரிஹரசுப்பிரமணியன் பேசறேன். பூங்காவுக்கு வேண்டாம். எங்க வயல் ஓரத்துலயே கல்லை நட்டுடுங்கோ. கடுதாசியை அப்படி மாத்தி எழுதித் தரேன்.

— ஆத்தாடி! மகராசனா இருப்பீங்க சாமி! உங்க குடும்பம் தழைக்கும்!

— ஆமா, போர்டும் வேண்டாம். இன்னொண்ணு, நாகராஜன். அதுக்குப் பக்கத்துலயே, அதே உசரத்துல, புதுசா இன்னொரு சுமைதாங்கி நடணும். கல்லுக்கு ஆள் சொல்லிவிடுங்கோ. பேர் எழுதிக்கோங்கோ, ஸ்ரீவித்யா... ஆமா, என் பொண்ணுதான். ஒம்பதாம் மாசம், குழந்தை வயத்துல இருக்கறப்பவே போயிட்டா. பதிமூணாம் நாள் முடிஞ்சு நேத்திக்குத்தான் கிளம்பி வந்தேன்.