ரெண்டு பக்கமும் மிச்சம்

எழுப்பாதீங்கண்ணே, இப்பதான் கண்ணசந்தாரு. மொதல்ல என்கிட்ட சொல்லுங்க, பொறகு அவருகிட்ட. எங்க வீட்டுக்காரரு அழகன் இருக்காரே, யாரு என்னா சொன்னாலும் நம்புற ஆளு. நான்தான் கேடி. ஜீவராணினா இந்தத் தோட்டத்து லயத்துல நாய்கூட யோசிச்சுத்தான் கொலைக்கும். ஒக்காருங்க, அந்த கதிரையிலயே ஒக்காருங்க.

சரி, என்னா சொன்னீங்க? ஒங்களுக்கும் இதே வியாதி. பரம்பரையா வர்ற கண்ணு வியாதி. மொதல்ல ராவுல தெரியாது, பொறகு பக்கவாட்டுல தெரியாது, கடைசியில குழாய்க்குள்ளாற பாக்குற மாதிரி நடுவுல மட்டுந்தான் தெரியும். இந்தச் சொட்டு மருந்த விட்டீங்க, போனது எல்லாம் திரும்பி வந்திருச்சு. இப்ப தோட்டம் தோட்டமா எடுத்துட்டுப் போயி மத்தவங்களுக்கும் குடுக்குறீங்க. புண்ணியந்தான். சந்தேகப்படுறேன்னு நெனைக்காதீங்க. சந்தேகந்தான் படுறேன்.

ஏன்னு கேளுங்க. இவரு அப்பாருக்கு இதே. இவரு அண்ணனுக்கு இதே. இவர கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். அந்த டாக்டரு கண்ணுக்குள்ள லைட்டு அடிச்சுப் பாத்துட்டு, கண்ணாடிய இப்புடி நெத்தியில ஏத்திகிட்டு, பெஹெத் நே அம்மே, பெஹெத் நேன்னாரு. மருந்து இல்லயாம். ரத்தத்தோட வர்றதாம். அம்புட்டு நேர்மையா சொன்ன மனுசன எங்க ஆளுகளுக்குப் புடிக்கல. மருந்து இல்லேங்குறவன் என்னா டாக்டருன்னு டயகம பக்கம் ஒரு வைத்தியருகிட்ட இழுத்துட்டுப் போனாங்க.

அவரு தேனீயப் புடிச்சு புருவத்துல கொட்ட வைப்பாரு. கொரலு கோயில் மணி மாதிரி. அசையாத மகனே... வெளிச்சம் உள்ளுக்க எறங்குது... எறங்குனது வெளிச்சம் இல்லண்ணே, வீக்கம். ரெண்டு கண்ணும் பேக்கரி பணிஸு மாதிரி பொங்கி, இருந்த நடுவும் போச்சு. இவரு என்னா சொல்றாரு தெரியுமா? ஜீவா, கொஞ்சம் வெளிச்சமா இருக்குற மாதிரி இருக்குடிங்குறாரு. நான் அப்ப லைட்ட அணைச்சிட்டு நிக்கிறேன்.

அதுக்குப் பொறகு ஹட்டன்ல ஒரு அம்மா. கண்ணுக்கு கரண்டு புடிக்கிற மெசினு. பேச்சு பூரா மூக்காலயே வரும். நரம்பு தூங்குதும்மா, நாங்க தட்டி எழுப்புறோம். எழும்புனது நரம்பு இல்ல, இவருதான். பெஞ்சிலருந்து ஒரே துள்ளு!

சிரிங்க, சிரிங்க. ஒங்கள மாதிரியும் பேசிக் காட்டவா? இருங்க. நம்பிக்கையா விடணும் தங்கச்சி, நம்பாம விட்டா வேல செய்யாது. சரியா இருக்கா? ஆமா, அது என்னாண்ணே, எல்லாரு மருந்துக்கும் நம்பிக்கையும் சேத்து விடணும்? பேதி மாத்திரைக்கு யாரும் நம்பிக்க கேக்குறதில்லயே. நம்பாட்டியும் போகுதுல்ல!

என்னா, தொண்ட காயுதா? குடிக்க தண்ணியா? ம்... தர்றேன், இருங்க.

அதுக்குள்ள எதுக்கு எந்திரிக்கிறீங்க? ஒங்க ஆட்டோதான் ரோட்டுல நிக்குதே. இருட்டுறதுக்கு முந்திப் போகணுமா? ஒங்களுக்குத்தான் இப்ப ராவுலயும் பளிச்சுனு தெரியுமே. இப்பதான சொன்னீங்க.

ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போங்க. எங்களுக்கு ஒரே மக, நிலக்ஷி. படிச்சிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுட்டு இருக்கா. ஞாயித்துக்கெழமையில கைகாசுக்கு என்கூட கொழுந்தெடுக்க வருவா. போன ஞாயிறு அவ எடுத்த தேயிலச் செடி வரிசையப் பாத்துட்டு, வேல வாங்குற கண்டாக்கு கத்துறாரு, இப்புடி தொப்பைய முன்னால தள்ளிகிட்டு. என்னா புள்ள, நடுவுல மட்டும் வழிச்சு எடுத்திருக்க, ரெண்டு பக்கமும் யாருக்கு மிச்சம் வச்சிருக்க, வரப்போற மாமியாளுக்கா? எல்லாவளும் சிரிச்சாளுக. நானுந்தான் சிரிச்சேன். அவளுக்கு புத்தி இங்க இல்லங்கய்யா, எவனையோ நெனச்சுகிட்டு நிக்கிறான்னு நானே எடுத்தும் குடுத்தேன். ஆனா திரும்பிப் பாத்தேன். செடிக்குச் செடி அப்புடியேதான். நடுவுல மொட்ட, ரெண்டு ஓரத்துலயும் கொழுந்து பச்சப்பசேல்னு நிக்குது.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்குப் பக்கத்துல, இந்த ஸ்டூலுல, வாயத் தொறக்காம தேத்தண்ணிய வச்சேன். எதுக்க ஒக்காந்து கத பேசுனேன். தேத்தண்ணி ஆறிருச்சு. அம்மா, இன்னைக்குத் தேத்தண்ணி ஊத்தலயாங்குறா.

நீங்க வந்தப்ப ஆட்டோக்காரப் பய வாசப்படி வரைக்கும் ஒங்க கையப் புடிச்சிட்டு வந்தான். மரியாதைன்னு நெனச்சுகிட்டேன். நீங்க சொல்றது பொய்யினா தொடப்பத்த எடுக்குறது, நெசம்னா கால்ல விழுறது, ரெண்டுக்கும் தயாராத்தான் இருந்தேன். மாரியாத்தா சத்தியமா நெசமா இருக்கணும்னு வேண்டிகிட்டுத்தான் வச்சேன்.

என்னத்தையா? ஒங்க எடது கைப்பக்கம். அதே ஸ்டூலு. நீங்க வந்து ஒக்காந்த ஒடனே வச்ச தேத்தண்ணி, ஆட கட்டிருச்சு. அதப் பக்கத்துல வச்சுகிட்டுத்தான் என்கிட்ட தண்ணி கேட்டீங்க.

தடவாதீங்க, கொட்டிரும். ஊர ஏமாத்துறீங்களா, ஒங்களயே ஏமாத்திக்கிறீங்களான்னு நான் கேக்கல. இருங்க, சூடா வேற ஊத்தியாறேன், கையிலயே குடுக்குறேன். குடிச்சிட்டு போத்தல எடுத்துகிட்டுக் கெளம்புங்க. ஆட்டோக்காரப் பயல நான் கூப்புடுறேன், அந்த மூணாவது படி ஒடஞ்சிருக்கு.

கொஞ்சம் சுருக்கா குடிங்கண்ணே. நிலக்ஷி பீலிக்குத் தண்ணி புடிக்கப் போயிருக்கா, இப்ப வந்துருவா. அவளுக்கு இன்னும் தெரியாது. இருட்டுறதுக்குள்ள வந்துருடி, சிறுத்த நடமாடுதுன்னு சொல்லி வச்சிருக்கேன்.