புருவம் தூக்கிய கண்ணாடி

— அக்கா, அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பேசு. மீன் கடையில கிடக்குற மீன் மாதிரி முழிக்காதே.

— கழட்டக் கூடாது ஜோனா. சாயங்காலம் வரைக்கும் மாட்டிக்கிட்டே இருக்கணும், நாங்க செய்யுற கண்ணாடிக்கு ஆபீஸ்ல வெச்ச சோதனை அதான். உள்ளேயிருந்து எனக்கு உன்னைத் தெரியுது. உனக்கும் என் கண்ணு தெரியுதுல்ல?

— தெரியுது, தெரியுது. மத்தவங்க வி.ஆர். கண்ணாடி மாட்டினா மூஞ்சியே மறைஞ்சிடும். எங்க மெர்லிண்டா அக்கா மாட்டினா மட்டும் கண்ணும் புருவமும் திரை மேல படமா வந்துடும். பெரிய ஆளுதான் போ!

— கிண்டல் பண்ணாதே. பக்கத்துல இருக்கவங்களுக்குச் சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் இவ்வளவு பாடும். ஆனா உள்ளே ஈரம் பட்டா கேமராவுக்கு என் கண்ணு தெரியாது, திரை இருண்டுடும். எனக்கு அது தெரியவே தெரியாது. இருண்டா நீதான் சொல்லணும்.

— சொல்றேன் தாயே. லாபாஸ் சந்தையிலேருந்து பாட்சோய் நூடுல்ஸ் வாங்கிட்டு வந்திருக்கேன், சூப்பு ஆறுது, குடி முதல்ல. எதுக்கு என்னை ஆஸ்பத்திரியில லீவு போடச் சொல்லி வீட்டுக்கு வரவழைச்சே?

— அந்த ஏஜென்சி ஆபீஸ் எப்ப மூடுவாங்க?

— ஜெர்மனி ஏஜென்சியா? அதான் வரலைன்னு சொல்லிட்டேனே. இன்னிக்கு அஞ்சு மணியோட என் இடத்தை வேற நர்ஸுக்குக் கொடுத்துடுவாங்க. ஏன்?

— வேண்டாம்னு நீயாத்தானே முடிவு பண்ணினே?

— இரு, இது என்ன புதுசா? உன்னைக் கேட்டுட்டுத்தானே செஞ்சேன். போன வாரம், இதே நாற்காலி, இதே கண்ணாடி. ‘நான் போகலைக்கா, உன்கூடவே இருந்துடட்டுமா’ன்னு கேட்டேன். புருவத்தைத் தூக்கினே.

— தூக்கினேனா...

— ஒரு தடவையா? ‘நிஜமாவா’ன்னு கேட்டேன், மறுபடியும் தூக்கினே. நம்ம ஊர்ல ஆமான்னு சொல்ல எவ வாயைத் திறக்குறா? புருவம் ஏறினா ஆமாதான். ரெண்டு வருஷம் நாக்கு சுளுக்க ஜெர்மன் படிச்சதை அன்னிக்கே தலைமுழுகிட்டேன்.

— ஜோனா, அது நான் இல்லடி.

— பின்னே யாரு, பேயா பிசாசா?

— பதிவு. திரை இருண்டா பார்க்கிறவங்க பேச்சை நிறுத்திட்டு எழுந்து போயிடுறாங்கன்னு, நான்தான் என் கண்ணைப் படம் புடிச்சு உள்ளே வெச்சேன். இருண்டா அது தானா ஓடும். பார்க்கும், கண்ணைச் சிமிட்டும், நடுநடுவே புருவத்தைத் தூக்கும். நாமதான் பேச்சுக்குப் பேச்சு தூக்குறோமே, அது இருந்தாத்தான் ஆள் கேட்குற மாதிரி இருக்கும்னு...

— அப்ப நீ?

— காதை அடைச்சுக்கிட்டு உள்ளே ஏதோ படத்துல முழுகிக் கிடந்தேன். நீ வந்ததே தெரியாது.

— அய்யோ. எப்ப தெரிஞ்சுது உனக்கு?

— அன்னிக்குச் சாப்பிடும்போது, ‘நீ சொன்ன மாதிரியே வேண்டாம்னு சொல்லிட்டேன்’னியே. அப்புறம் போய்ப் பார்த்தேன். வேர்வை ஈரத்துல மத்தியானம் பூரா பதிவுதான் ஓடியிருக்கு. அப்பவே அதை அழிச்சுட்டேன்.

— அதை அழிக்கத் தெரிஞ்சுது. என்கிட்ட சொல்ல மட்டும் வாய் வரலை. ஒரு வாரமா!

— சொன்னா நீ போயிடுவே.

— அடிப்பாவி!

— பாவிதான். திட்டு. நீ காலையில பாடிக்கிட்டே துணி துவைக்குற சத்தம் கேட்கும். இன்னிக்கு ஒரு நாள் போகட்டும், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு தள்ளிப் போட்டேன். நேத்து நீ ஜெர்மன் புஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பழைய பேப்பர்காரனுக்கு எடுத்து வெச்சே பாரு, அதுக்கப்புறம் எனக்குச் சோறு இறங்கலை.

— இப்பவும் அதை மாட்டிக்கிட்டேதானே சொல்றே? சோதனை கீதனைன்னு கதை விடாதே.

— நேருக்கு நேர் சொல்ல எனக்கு மூஞ்சி இல்லடி.

— எனக்கு உன் மேல வர்ற ஆத்திரத்துக்கு இந்தச் சூப்பைத் தலையில கவுத்துடுவேன். மணி என்ன? நாலா? போன் பண்ணினா எடுக்க மாட்டாங்க, நேர்லதான் கையெழுத்துப் போடணும்.

— ஜீப்னி வண்டிக்கு நிக்காதே, வழியெல்லாம் ஆளேத்தித்தான் போவான். ஆட்டோ பிடிச்சுப் போ. புஸ்தகக் கட்டை நான் அவுத்து அடுக்கி வெச்சுட்டேன்.

— எல்லாம் யோசிச்சுத்தான் வெச்சிருக்கே. சரி, காதைத் திறந்து வெச்சுக்க. அன்னிக்குக் கேட்டதை இன்னிக்கு வேற மாதிரி கேட்கிறேன். அக்கா, நான் போகட்டுமா?

— ...

— அக்கா?

— அதான் தூக்கிட்டேனே. ரெண்டு புருவத்தையும் நல்லா தூக்கிட்டேன். பதிவு இல்ல, சத்தியமா நான்தான். பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்கு கண்ணு! தெரியுதுல்ல?

— ஒண்ணும் தெரியலைக்கா. திரை அப்பவே இருண்டு போச்சு. கண்ணாடிக்குக் கீழே கன்னத்துல வழியுறது மட்டும்தான் தெரியுது. கழட்டு, துடைச்சு விட்டுட்டு ஓடுறேன்.