மாடியிலிருந்து தெரியும் கடல்

ஒரு வாரப் பயணத்துக்கு எத்தனை ஜோடி காலுறை வேண்டும் என்று கேட்டால் எல்லோரும் ஏழு என்பார்கள். ஒன்பது வேண்டும். ஒன்று மழையில் நனையும், ஒன்று காணாமல் போகும். இதை நான் எங்கேயும் போகாமலே தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கொடுத்த தாள் நல்ல தாள். எங்கள் அலுவலகத் தாளில் மை ஊறிவிடும். அவசரமில்லாமல் எழுதுங்கள் என்றீர்கள். பத்தொன்பது வருடம் பேரவைச் செயலகத்தின் பயணப் பிரிவில் உட்கார்ந்தவனுக்கு நிதானம்கூட வராவிட்டால் எப்படி? மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர்கள் மக்கள் வரிப்பணத்தில் வெளிநாடு போவார்கள். அங்கே எதையாவது பார்த்து, கற்றுக்கொண்டு வருவார்கள். அதற்கு ஆய்வுப் பயணம் என்று பெயர். அவர்களுக்கு டிக்கெட் எடுப்பது, விசா வாங்குவது, அறை பிடிப்பது, தலையணை உயரமா தாழ்வா என்று விசாரிப்பது வரை எல்லாம் என் பொறுப்பு.

என்னிடம் இருந்தது குடிநீர் வடிகால் குழு. ஒரு தலைவர், ஆறு உறுப்பினர்கள். உலகத்தில் பார்க்கத் தகுந்த வடிகால்கள் எல்லாம் ஏனோ கடற்கரை ஊர்களில்தான் இருந்தன. வெயில் இதமாக இருக்கும் மாதங்களில்தான் அவற்றைப் பார்க்கவும் முடிந்தது. எனக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. ஊரைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே பெரும்பாலும் நான்தான்.

போய் வந்த முப்பது நாளுக்குள் பயண அறிக்கை ஒன்றைப் பேரவையில் வைக்க வேண்டும் என்பது விதி. போனவர்கள் எழுத மாட்டார்கள். முதல் பயணம் முடிந்து வந்ததும் தலைவரிடம் பேனாவும் தாளுமாகப் போய் நின்றேன்.

"ஐயா, அந்த ஊர் வடிகால் எப்படி இருந்துச்சு?"

"மூடி இருந்துச்சுப்பா" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

ஆகவே நானே எழுதினேன். அவர்கள் பெட்டியில் திரும்பி வந்த துண்டுப் பிரசுரங்கள், நகரப் பேருந்து வரைபடம், ஓட்டல் சோப்பின் உறை, அந்த வாரத்து வானிலைக் குறிப்பு, எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி வைத்துக்கொண்டு அந்த ஊரின் தெருக்களில் நடந்தேன். ஓர் அறிக்கையில் இப்படி எழுதியிருந்தேன்: 'வடிகால் தலைமை அலுவலகத்தின் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கடல் தெரிகிறது. சுத்திகரித்த தண்ணீர் அதில் போய்ச் சேரும் இடம் சாயங்கால வெயிலில் மின்னுகிறது. அதை ஒரு காலத்தில் சாக்கடை என்று அழைத்தார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.' எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அதை அவையில் உரக்கப் படித்தார். நேரில் போய்ப் பார்த்த மாதிரி இருக்கிறது என்றார். இரண்டு பக்கமும் மேஜை தட்டினார்கள். தலைவர் எழுந்து கும்பிட்டார். நான் அலுவலர்கள் நிற்கும் ஓரத்தில் கோப்பைக் கட்டிக்கொண்டு நின்றேன். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பதினோரு ஊர், பதினோரு அறிக்கை. அந்த ஊர்களின் எந்தத் தெருமுனையில் எது இருக்கும் என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அலுவலகத்தில் எனக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பட்டப்பெயர். எல்லா ரயிலுக்கும் கொடி காட்டுவார், எதிலும் ஏறமாட்டார். என் மனைவி இன்னும் ஒரு படி மேலே. "உங்க பாஸ்போர்ட்டும் என் கண்ணாடி டம்ளர் செட்டும் ஒண்ணுதான். ரெண்டும் அலமாரியை விட்டு எறங்கினதே இல்ல" என்பாள். பாஸ்போர்ட் காலாவதியான போதெல்லாம் புதுப்பித்து வைத்தேன். மூன்று புத்தகங்கள். ஒன்றில்கூட ஒரு முத்திரை கிடையாது.

குழுவோடு உதவிக்கு ஓர் அலுவலரும் போகலாம் என்று போன வருடம் விதி திருத்தப்பட்டதே, அதற்கான முன்மொழிவை எழுதியவன் நான். ஒன்பது மாதம் எழுதினேன். ஏன் தேவை, எப்படி உதவும் என்று பாரா பாராவாக. யாரை மனதில் வைத்து எழுதினேன் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

திருத்தம் நிறைவேறிய அன்று தலைவர் என் தோளில் கை போட்டார். "சுருக்கெழுத்தர் எங்ககூட வரட்டும். நீங்க இங்க இருந்தாத்தான் எங்களுக்கு தைரியம்" என்றார்.

சுருக்கெழுத்தர் என் பக்கத்து மேஜைக்காரர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். குழு கூடும்போது பேச்சைக் குறிப்பெடுப்பார். கெட்டவர் இல்லை. யாரைப் பார்த்தாலும் வாய் நிறையச் சிரிப்பார், சொந்தத் தம்பி மாதிரி என்னை அண்ணே என்று அழைப்பார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. ஒரு வில்லனுக்குப் போயிருந்தால் விதியே என்று இருந்திருப்பேன். இவர், கேட்காமலே கிடைத்த ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "அண்ணே, அங்க என்னல்லாம் பாக்கணும்? நீங்கதான் புட்டுப்புட்டு வெச்சிருக்கீங்களே" என்று என்னிடமே வந்து கேட்டார். நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன். என் வயிறு எரிந்தது. ஐயா, நீங்கள் காரணம் கேட்டீர்கள். இதற்குப் பெரிய பெயர் எதுவும் வைக்க வேண்டாம். பொறாமைதான்.

மாடியிலிருந்து கடல் தெரிகிறது என்று நான் எழுதிய அதே ஊருக்குத்தான் போனார், வந்தார். அறிக்கையையும் அவரே எழுதினார். நேரில் போனவர் இருக்கும்போது என்னை ஏன் கேட்கப் போகிறார்கள்? 'காலை ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம். ஒன்பதே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தோம்' என்று பத்துப் பக்கம். சலவைக் கணக்கு மாதிரி இருந்தது. ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். நேரில் பார்த்தவர் எழுத்தே தனி என்றார்கள்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் உணவகத்தில் பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அண்ணே, அந்த மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்தேன். உங்களுக்காகவே ஏறினேன். அங்கேர்ந்து கடல் தெரியாதுண்ணே. ஒரு சிமெண்டுச் சுவர்தான் தெரியுது."

பத்துப் பேரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், வஞ்சகம் இல்லாமல். நானும் சிரித்தேன். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தேன், சாப்பிடவில்லை. பதினோரு ஊர்களை அவர் ஒரே வாக்கியத்தில் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய்ப் பழைய அறிக்கையை எடுத்துப் படித்தேன். கடல் வரும் இடத்தில் என் கண் நிற்க மறுத்தது.

இப்போது அட்டை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதேதான்.

சாப்பாட்டு அட்டை என் சொந்த யோசனை. உறுப்பினர்களில் ஒருவருக்கு இறால் ஆகாது, ஒருவருக்குப் பால் ஆகாது. பாஷை தெரியாத ஊரில் என்ன செய்வார்கள்? அதனால் போகும் நாட்டின் மொழியிலேயே, உள்ளங்கை அளவுக்கு ஓர் அட்டை. 'இன்ன பொருள் எனக்கு ஆகாது, தயவுசெய்து சேர்க்க வேண்டாம்.' பரிமாறுபவரிடம் நீட்டினால் போதும். தூதரகத்தில் ஒருவரைப் பிடித்து ஒவ்வொரு மொழியிலும் வாக்கியங்கள் எழுதி வாங்கி வைத்திருந்தேன். ஒரே ஒரு உறுப்பினருக்கு மட்டும் வேறு மாதிரி அட்டை. அவருக்குப் பூண்டு என்றால் உயிர். அவருக்காக, 'இது எனக்கு மிகவும் பிடிக்கும், தாராளமாகச் சேர்க்கவும்' என்ற வாக்கியத்தையும் வாங்கி வைத்திருந்தேன். ஆக என் மேஜையில் இரண்டு அச்சு இருந்தன. நடுவில் பொருளின் பெயரை மாற்ற வேண்டியதுதான்.

சுருக்கெழுத்தருக்கு வேர்க்கடலை ஆகாது. ஒரு பருப்பு உள்ளே போனாலே தொண்டை அடைத்துக்கொள்ளும். அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். அதற்கென்று ஓர் ஊசி எப்போதும் அவர் பையில் இருக்கும்.

இந்த வருடமும் அதே ஊர். இரண்டாம் கட்ட ஆய்வு என்றார்கள். இந்த வருடமும் அவரே. நான் எல்லோருக்கும் அட்டை அடித்தேன். அவருடைய அட்டைக்கு இரண்டாவது அச்சை எடுத்தேன். கை தவறி எடுத்ததாக முதல் நாள் உங்களிடம் சொன்னேன். இல்லை, பார்த்துத்தான் எடுத்தேன்.

அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எழுத்து கோலம் போட்ட மாதிரி இருக்குண்ணே" என்றார். "இந்த ஊசியைக் கையோட வெச்சுக்கலாமா?" என்றும் கேட்டார்.

"கைப்பையில வெச்சா சோதனையில பிடுங்கிடுவாங்க. பெரிய பெட்டியில போடுங்க" என்றேன். மருத்துவர் கடிதம் ஒன்று இருந்தால் பிடுங்க மாட்டார்கள். போன முறை அந்தக் கடிதத்தை நான்தான் வாங்கிக் கோப்பில் வைத்தேன். இந்த முறை அவர் கேட்கவில்லை, நானும் நினைவூட்டவில்லை. நான் சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு.

அவருக்கு உடம்பெல்லாம் தடித்து, பாதியில் ஊர் திரும்பட்டும் என்பதுதான் என் எண்ணம். ஒரு அறிக்கை அவர் எழுதாமல் போகட்டும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது எனக்கு.

முதல் நான்கு நாளும் அவரவர் எடுத்துப் போட்டுச் சாப்பிடும் ஏற்பாடு. ஐந்தாம் நாள் மதியம்தான் நகரசபை கொடுத்த விருந்து. நிகழ்ச்சி நிரலைப் போட்டவன் நான் என்பதால் எனக்கு அது தெரியும். அங்கே அட்டைகளை வாங்கிச் சமையலறைக்குக் கொண்டுபோனார்களாம். சுருக்கெழுத்தர் தன் அட்டையை இரண்டு முறை தட்டிக் காட்டி, தொண்டையையும் தொட்டுக் காட்டினாராம். சமையல்காரர் தலைகுனிந்து வணங்கி, விருந்தாளியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று கடலையை விழுதாக அரைத்து, குழம்பில் தாராளமாகவே சேர்த்திருக்கிறார். பெரிய பெட்டி ஓட்டல் அறையில் இருந்தது. வண்டியில் இருபது நிமிஷத் தூரம்.

அந்தச் சமையல்காரரை இரண்டு நாள் அடைத்து வைத்திருந்தார்களாம். பாவம். எழுதியிருந்ததைத்தான் அவர் செய்தார்.

தலைவர் போனில் கூப்பிட்டார். "அடுத்த ஊர்ல எங்களுக்காகக் காத்திருக்காங்க, நிகழ்ச்சியை ரத்து பண்ண முடியாது. யாராவது வந்து உடம்பை எடுத்துட்டுப் போகணும்" என்றார். சுருக்கெழுத்தர் வீட்டுக்கு நான்தான் தகவல் சொல்லப் போனேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களே போங்கண்ணே. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும். அவரை யார் கையிலயும் விட்டுடாதீங்க" என்று அழுதார். நானும் அழுதேன். அந்த அழுகை பொய் இல்லை.

இப்படித்தான் ஐயா, என் நாற்பத்தெட்டாவது வயதில் நான் விமானம் ஏறினேன். ஜன்னலோர இருக்கை. காலுறை மூன்று ஜோடி போதுமென்றாலும் ஐந்து எடுத்துக்கொண்டேன். விமான நிலையத்தில் ஒரு பெண் என் பாஸ்போர்ட்டின் வெள்ளைப் பக்கத்தில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினாள். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பிணவறைக் காகிதங்கள் ஒரு நாளில் முடிந்துவிட்டன. மறுநாள் வடிகால் அலுவலகத்துக்குப் போய் மொட்டை மாடிக்கு ஏறினேன். சுவர் இருந்தது, உண்மைதான். ஆனால் ஓரத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. அதன் மேல் ஏறி, எக்கிப் பார்த்தால், இரண்டு கட்டடங்களுக்கு நடுவே விரல் அகலத்துக்குக் கடல் தெரிகிறது. நான் எழுதியது தப்பில்லை. அவர் சரியாகப் பார்க்கவில்லை. இதை அறிக்கையில் சேர்த்திருக்கிறேன், அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நீங்கள் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கடைசிக் கேள்வி ஒன்று பாக்கி. அவர் இறந்தது பதினேழாம் தேதி. என் விசாவுக்கு நான் விண்ணப்பித்தது எட்டாம் தேதி. உடம்பு தடிக்கட்டும் என்று மட்டும் நினைத்தவன் எதற்காக ஒன்பது நாள் முன்பே விசா கேட்டான் என்கிறீர்கள்.

ஐயா, அந்த நாட்டு விசாவுக்கு ஏழு வேலை நாள் ஆகும். இந்த வேலையில் இருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். செய்தி வந்த பிறகு விண்ணப்பித்திருந்தால், அந்த மனிதர் அந்நிய ஊரில், குளிர்ப்பெட்டியில், ஒரு வாரத்துக்கு மேல் தன்னந்தனியாகக் கிடந்திருப்பார். என்னை அண்ணே என்று கூப்பிட்டவர். அவரை அப்படிக் காக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை.