இடது ஓரத்து மினுக்கம்

இந்த அறையின் டியூப் லைட்டுக்கு ஸ்டார்ட்டரை மாற்றச் சொல்லுங்கள், ஐயா. ஒரு முனை துடித்துக்கொண்டே இருக்கிறது. "லைட்டு நல்லாத்தான் இருக்கு, உன் கண்ணுலதான் கோளாறு" என்கிறார் உங்கள் பக்கத்தில் எழுதிக்கொண்டிருப்பவர். நான் கண்ணை மூடிப் பார்த்தேன். துடிப்பு நின்றது. திறந்தால் மறுபடி இருக்கிறது. அதனால் கோளாறு லைட்டில்தான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நேற்று எழுதிய என் வாக்குமூலத்தை வாசித்துக் காட்டினீர்கள். "பார்வைக் குறைபாட்டினால், ஆள் நிற்பது தெரியாமல்" என்று ஒரு வரி வந்தது. அதை அடித்துவிடுங்கள். எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு கண். அதைப் பற்றி ஆளாளுக்கு வாய்க்கு வந்ததைப் பேசுவதை இத்தனை நாள் பொறுத்துக்கொண்டேன்.

நான் கிடங்கில் சரக்குத் தூக்குகிற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவன். செத்துப்போனவர் அங்கே மேலாளர், என் மனைவியின் அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்ததும் மச்சான்தான். அதை ஒருநாளும் என்னை மறக்கவிட்டதில்லை. நான் தும்மினால்கூட அவர் வாங்கிக் கொடுத்த தும்மல்தான்.

போன வருடம் வலது கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் வெட்ட ஆரம்பித்தது. கூடவே மிளகுத் தூள் கொட்டியதுபோல் கரும்புள்ளிகள். சரக்கைச் சரிபார்க்கிற வாரம் அது. லீவு கேட்டேன்.

"தூசி விழுந்திருக்கும் மாப்ளே. கழுவிட்டு வண்டிய எடு. நீ போயிட்டா யாரு ஓட்டுறது, நானா?"

கழுவினேன். வண்டியை எடுத்தேன். கண்ணுக்குள் கீழிருந்து ஒரு திரை ஏறி வந்தது. வாரக் கடைசியில் மருத்துவர் பார்த்தபோது விழித்திரை கழன்றுபோயிருந்தது. "அன்னைக்கே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்றார். அறுவை செய்தும் பலனில்லை. அந்தக் கண்ணுக்கு இப்போது பகல் எது, இரவு எது என்று மட்டும் தெரியும்.

மச்சான் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். "வண்டி ஓட்ட ஒரு கண்ணு போதும். ஆபீஸ்ல மூச்சு விடாத, நான் பாத்துக்கறேன்" என்றார். அதையும் எனக்குச் செய்த உபகாரமாகவே வீட்டில் சொல்லிக்கொண்டார்.

இந்த வருடம் இடது கண்ணிலும் தொடங்கியது. தலையைச் சட்டென்று திருப்பினால் ஓரத்தில் வில்போல ஒரு மினுக்கம். திரும்பவும் லீவு கேட்டேன். எல்லோரையும் கூப்பிட்டு, "நம்ம மாப்ள கண்ணுக்குள்ள வெல்டிங் பட்டறை வச்சிருக்காருப்பா" என்றார் மச்சான்.

அன்றிலிருந்து கிடங்கில் என் பெயர் வெல்டிங். பெட்டி தூக்குகிறவர்கள்கூட, "என்னண்ணே, பொறி பறக்குதா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் மச்சான் வீட்டுக்கு வந்து என் மனைவி முன்னால் அதே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளை மன்னித்துவிட்டேன்.

லீவு கிடைக்காவிட்டால் என்ன, உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு நானே மருத்துவரிடம் போனேன். மருந்து ஊற்றி, கண்மணியை விரித்து, வெகுநேரம் பார்த்தார். விழித்திரை உறுதியாக இருக்கிறது என்றார். கண்ணுக்குள் இருக்கிற கூழ் சுருங்கும்போது விழித்திரையைப் பிடித்து இழுக்கிறதாம். அந்த இழுப்புதான் வெளிச்சமாகத் தெரிகிறதாம்.

"ஆனா அசட்டையா இருக்காதீங்க. ஒரு கண்ணு போனவரு நீங்க. மின்னல் அதிகமானா, கரும்புள்ளி கொட்டுனா, திரை மாதிரி மறைச்சா அன்னைக்கே ஓடி வந்துடுங்க."

வெளியே இருக்கிற வெளிச்சத்தையும் இதையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று கேட்டேன்.

"கண்ண மூடிப் பாருங்க. வெளிய இருக்கறது மறைஞ்சிடும். உள்ள இருக்கறது மூடினாலும் மின்னும்."

தெருவில் இறங்கி நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான். ஆனால் கண் நன்றாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லவில்லை, மனைவியிடம்கூட. கிடங்கில் முன்பைவிட அதிகமாகக் கண்ணைக் கசக்கினேன். மினுங்குகிறது, மினுங்குகிறது என்று எல்லோர் காதிலும் போட்டுவைத்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது.

அது நடந்த பிறகு, மருத்துவமனை வராந்தாவில் என் மனைவி தன் உள்ளங்கையால் என் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். "அண்ணன் லீவு குடுத்திருந்தா இப்படி ஆகியிருக்குமா? உங்க மேல ஒரு தப்பும் இல்ல" என்று அழுதாள். கிடங்கிலும் அதையேதான் சொல்கிறார்கள். பாவம், குருடன், அவனுக்கு என்ன தெரியும் என்கிறார்கள். செத்த பிறகும் மச்சானின் பேச்சுதான் எடுபடுகிறது. கோபம் தணிந்துவிட்டது என்று எழுதிக்கொள்ளாதீர்கள். இன்னும் இருக்கிறது.

அன்று காலை சரக்கு அடுக்குகிற ராக்குகளுக்கு நடுவிலிருந்து வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் போகும்போது கத்துகிற பீப்பரை முன்பே கழற்றவைத்துவிட்டார் மச்சான், ஃபோன் பேச இடைஞ்சலாம். அதனால் ஹாரன் அடித்துவிட்டுத்தான் நகர்வேன். ஹாரனில் கையை வைத்துக்கொண்டு திரும்பினேன். இடது ஓரத்தில் மினுங்கியது. வலது பக்கம் நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. நீங்கள் எழுதியதும் உண்மையாகியிருக்கும்.

கண்ணை மூடினேன். மினுக்கம் போய்விட்டது. திறந்தேன். அங்கேயே இருந்தது. மச்சானின் பாதுகாப்பு ஜாக்கெட்டில் தைத்திருக்கிற வெள்ளிப் பட்டை, ஜன்னல் வெயிலில். ஃபோனைக் காதில் வைத்து, எனக்கு முதுகைக் காட்டி, ராக்கை ஒட்டி நின்றிருந்தார். எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

ஹாரனிலிருந்து கையை எடுத்தேன். மருத்துவர் சொன்னபடி இன்னொரு முறை மூடித் திறந்து, நன்றாக உறுதிசெய்துகொண்ட பிறகுதான் வண்டியைப் பின்னால் விட்டேன். தெரியாமல் இடித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. இந்தக் கண்ணில் ஒரு குறையும் இல்லை.