கசக்காத கிழங்கு

அவித்த மரவள்ளிக்கிழங்குக்குப் பச்சைமிளகாய்ச் சம்பல்தான் பொருத்தம். எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த சாப்பாடு. அந்தப் பயிரின் மேல் எனக்கு ஏதோ பகை என்று நீங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மருதனார்மடத்தில் எங்கள் ஆய்வுகூடத்தில் மரபணுவைத் திருத்தி ஒரு மரவள்ளி இனத்தை உருவாக்கினார்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு நாளில் கறுத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்பது நோக்கம். மரபணுவில் ஓரிடத்தை வெட்டப் போகும் கருவி, அதைப் போலவே இருக்கும் வேறோர் இடத்தையும் வெட்டிவிடுவதுண்டு. அப்படி நடந்திருக்கிறதா என்று தேடுவதுதான் என் வேலை.

நடந்திருந்தது. கணினி ஊகித்துத் தந்த இடங்களில் அது இல்லை. மரபணுத் தொகுதி முழுவதையும் வாசித்தபோதுதான் அகப்பட்டது. கிழங்கை அரைத்து, மஞ்சள் சோதனைத்தாளோடு போத்தலில் அடைத்து வைத்தேன். மறுநாள் தாள் செங்கல் நிறமாகியிருந்தது. சயனைட்டு வழமையைவிடப் பல மடங்கு. ஒரு துண்டைக் கடித்துத் துப்பினேன். நஞ்சு கூடிய மரவள்ளி கசக்கும்; இது கசக்கவே இல்லை.

பொறுப்பாளர் கேதீஸ்வரன் சேரிடம் காட்டினேன். தாள் பழுதாக இருக்கும் என்றார். திரும்பவும் செய்து காட்டினேன்.

"அவிச்சால் போயிடும், சுபாஜினி. உந்த விசயத்தைப் பெரிசாக்காதையும்."

அவித்தால் போய்விடுமா என்பது நியாயமான கேள்வி. எலிக்குக் கொடுத்துக் காட்டியிருந்தால், எலி மனுசனில்லை என்றிருப்பார்.

அச்சுவேலியில் என் வீட்டுக்குப் பின்வளவில் சிவக்கொழுந்தக்கா இருந்தார். வெங்காயத் தோட்டங்களில் கூலி வேலை. மகள் நிவேதனா ஏழாம் ஆண்டில் படித்தாள். மீன், முட்டை வாங்குவது அபூர்வம். அந்தப் புரதம் கிடைக்காத உடம்பில் இந்த நஞ்சு காலை முடக்கும் என்று படித்திருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் ஆய்வுகூடத்திலிருந்து அந்தக் கிழங்கில் ஒரு பை கொண்டுபோனேன். எங்களிடம் மிஞ்சுகிறது என்றேன். அது பொய்யில்லை.

அக்கா கவனமானவர். நஞ்சு ஆவியோடு போகட்டும் என்று பானையை மூடாமல் அவித்தார், மரவள்ளியோடு சேர்ந்தால் விஷம் என்பார்களே, அந்த இஞ்சியைக் கிட்டவும் விடவில்லை. இருவரும் இரண்டு நேரமும் அதையே சாப்பிட்டார்கள்.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒருநாள் கிணற்றடியில் சொன்னார்: "முழங்காலுக்குக் கீழை விறைக்குது, பிள்ளை. குனிஞ்சு வேலை செய்யிறதாலை போலை."

ஓமக்கா, இருக்கும் என்றேன்.

அப்போதே நிறுத்தியிருக்கலாமே என்கிறீர்கள். நிறுத்தியிருக்கலாம். ஆனால் தோட்ட வேலை செய்பவரின் கால் விறைத்தது என்றால் சேர் சிரித்திருப்பார். தோட்டத்துக்குப் போகாத ஒருவருக்கும் அது வர வேண்டியிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பை சற்றுப் பெரிது.

நிவேதனா பள்ளிக்கூட வாசலில் சைக்கிளோடு விழுந்தாள். பிறகு எழுந்து நிற்கவில்லை. ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது நான்தான். எதைச் சோதிக்க வேண்டும் என்று டொக்டருக்குச் சொன்னதும் நான்தான். முடிவைக் கேட்ட அன்றே சேர் செடிகளை எல்லாம் எரிக்கச் சொன்னார். வைகாசியில் நடுவதற்கென்று விவசாயிகளுக்கு வெட்டிக் கொடுக்க இருந்த தடிகள் அவை. எத்தனை வீட்டு அடுப்புக்குப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பிள்ளையின் கால் இனித் திரும்பாது. அதுவும் நான் முன்பே படித்ததுதான்.

நேற்று பார்க்கப் போனேன். சிவக்கொழுந்தக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களை வந்து பாக்கிறது நீர் ஒராள்தான், பிள்ளை," என்றார். உண்மை முழுவதும் தெரிந்திருந்தால், இன்னும் இறுக்கமாகப் பிடித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.